இருமல் இல்லாத வீடியோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபத்தோடுதான் இதைச் சொல்கிறேன். ஆறின பிறகு நிதானமாகச் சொல்லலாம் என்று காத்திருந்தால் இந்த ஜென்மத்தில் சொல்லி முடிக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரரை இந்த வட்டாரத்தில் எல்லோரும் ‘கண்ணாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பதால் அல்ல, அவருக்குக் கழுகுப் பார்வை. அவர் கை பட்ட இரும்பில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று ஒரு லாரிக்காரர் எப்போதோ சொல்லப்போக, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. துரு எடுப்பதுதான் எங்கள் தொழில். பழைய கேட், ஜன்னல் கம்பி, தையல் மெஷின் கால், தராசு, இரும்புக் கட்டில் என்று எது வந்தாலும் இவர் சுரண்டித் தேய்த்து வெள்ளை இரும்பாக்கிக் கொடுப்பார். நான் உடனே அதன் மேல் பிரைமர் அடிப்பேன். பட்டறை முன்னால், வீடு பின்னால், நடுவில் ஒரு திரைத்துணி. அந்தத் திரைத்துணி ஒரு காலத்தில் நீல நிறம்.

மனிதர் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர். ஆனால் துரு என்று வந்துவிட்டால் ஊர் உலகம் தெரியாது. கல்யாணமான புதிதில் என் அப்பா வீட்டுக்கு வந்தவர், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “மாமா, மேல பெயிண்ட் நல்லாத்தான் இருக்கு. உள்ள ஓடியிருக்கு” என்றார். என் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டைக் குறை சொல்கிறாரா, பெண்ணைக் குறை சொல்கிறாரா என்று அவருக்கு ரொம்ப நாள் சந்தேகம். பேருந்தில் ஏறினால் பிடிக்கிற கம்பியைத் தட்டிப் பார்ப்பார். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காலைப் பார்ப்பார். ஆரஞ்சு நிறம் என்றால் நேற்றுப் பிடித்த துரு, பழுப்பு என்றால் பழையது, கறுப்பு என்றால் உள்ளே தின்றுவிட்டது என்று என் மகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தொட்டதை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். அதற்குக் காரணமும் இருக்கிறது. துரு எடுத்த இரும்பு பச்சைக் குழந்தை மாதிரி, காற்று பட்டாலே அதற்கு ஆகாது. காலையில் பளபளவென்று இருந்தது சாயங்காலத்துக்குள் மஞ்சள் பூத்துவிடும். அதனால் பாதியில் விடக்கூடாது, வெள்ளையானதும் நான் பிரைமரோடு தயாராக நிற்க வேண்டும். சோறு ஆறிப்போகும், வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிப் போவார்கள், இவர் நிமிர மாட்டார். ஒருமுறை இரும்பு தேய்க்கிற கிரைண்டர் வழுக்கி வலது கட்டைவிரல் நகம் நடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு அந்தக் கேட்டை முடித்துவிட்டுத்தான் மருந்து போடப் போனார். நகம் இன்றுவரை சேரவில்லை. இரட்டை நகம் என்றே சிலர் கேலி செய்வார்கள்.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. முதலில் காலையில் மட்டும் இருந்தது. பிறகு படி ஏறினால் வந்தது. பிறகு சிரித்தால் வந்தது. சிரிப்பதையே குறைத்துக்கொண்டார், கேட்டால் சிரிக்க என்ன இருக்கிறது என்பார். மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். அதைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்வார். இரும்பு சூடேறினால் ஒரு வாசனை வருமாம், அது மூக்குக்குத் தெரியாவிட்டால் தகடு வளைந்துபோகுமாம். “தகடு வளைஞ்சா வளையட்டும், நீங்க நிமிர்ந்து நிக்கணுமே” என்று நான் கத்தாத நாள் கிடையாது. கத்திக் கத்தி என் தொண்டைதான் கட்டியது.

கடைசியில் நெஞ்சு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா எக்ஸ்ரே படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

“என்ன வேலை செய்றீங்க?”

“துரு எடுக்கிறேங்க.”

“பாதியை உங்க நெஞ்சுக்குள்ள எடுத்து வெச்சிருக்கீங்க. மீதி நெஞ்சாவது மிஞ்சணும்னா தூசிய விட்டுருங்க. மாத்திரை எழுதித் தரேன். ஆனா மாத்திரை இருக்குன்னு திரும்பப் போய் தூசியில உக்காந்தீங்கன்னா என்கிட்ட வராதீங்க.”

தூசியை விடு என்று சொல்வது சுலபம். வேறு வேலை தெரியாத மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு எதை விடுவார்? அமிலத்தில் முக்கி எடுத்துப் பார்த்தார். அந்தப் புகைக்கு இருமல் இரண்டு மடங்கானது. அப்போதுதான் லேசர் வந்து சேர்ந்தது.

லேசர் என்பது பொய் இல்லை. அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். தீப்பொறி மாதிரி ஒரு ஒளிக்கோடு துருவின் மேல் ஓடும், துரு மட்டும் புகையாகப் போய்விடும், இரும்பு அப்படியே நிற்கும். சுரண்டல் கிடையாது, தேய்த்தல் கிடையாது, மூக்கில் ஏறும் சிவப்புப் பொடி கிடையாது. அப்படி ஒரு மெஷின் விற்கிறவரிடம் என் மகள் போன் போட்டு இவர் கையில் கொடுத்தாள். அவர் நல்ல மனிதர். புகையை உறிஞ்சத் தனிக் கருவி வேண்டும், கண்ணுக்கென்று தனிக் கண்ணாடி வேண்டும், இல்லாவிட்டால் பார்வையே போய்விடும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் விலையைச் சொன்னார். இவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். பட்டறையையும் வீட்டையும் என்னையும் சேர்த்து விற்றாலும் பாதிகூடத் தேறாது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இந்தப் போன் இருக்கிறதே, அதற்குப் பாம்புக் காது. நாம் எதற்கு ஏங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு அதையே கண் முன்னால் ஆட்டிக் காட்டும். மறுநாளே விளம்பரம் வந்துவிட்டது. கையடக்க லேசர் துரு நீக்கி. ஒரு நல்ல கிரைண்டர் விலைகூட இல்லை. ஒரு பெண் காதில் கம்மல் ஆட, வெறும் கண்ணோடு, சிரித்த முகமாகத் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே ஒரு கடிகாரம், சலுகை முடியப் போகிறது, முடியப் போகிறது என்று நம்மை விரட்டுகிறது.

என் மகள் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறாள், விவரமானவள். “அப்பா, இந்தக் கடிகாரம் நேத்தும் இதே நேரத்ததான் காட்டுச்சு. மூடித் திறந்தா மறுபடியும் முதல்ல இருந்து ஓடுது” என்றாள்.

“கடிகாரத்த விடும்மா, இரும்பப் பாரு” என்றார் இவர்.

நான் துப்பாக்கியின் வாலைக் காட்டினேன். பின்பக்கம் கை தடிமனுக்கு ஒரு குழாய் ஓடி, படத்துக்கு வெளியே எங்கோ போனது. “இது எங்க போகுது? பெட்டிக்குள்ள இந்தக் குழாய் வருமா?” என்று கேட்டேன்.

“நீயும் இரும்பப் பாரு” என்றார்.

பார்த்தோம். ஒளி ஓடியது. பழுப்புத் துரு பிரிந்து, அடியில் சாம்பல் நிறத்தில் குழிகுழியாக இரும்பு தெரிந்தது. இவர் வீடியோவை நிறுத்தி அந்தக் குழிகளைப் பெரிதாக்கினார். “பாத்தியா? பெயிண்ட் அடிச்சு ஏமாத்தியிருந்தா இந்தக் குழி இருக்காது. துரு தின்ன இடம் இது. உள்ளது உள்ளபடி எடுத்திருக்கான். இது நிஜமான துரு, நிஜமான வேலை. என் கண்ண யாரும் ஏமாத்த முடியாது.”

அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. துரு நிஜம், இரும்பு நிஜம், ஒளி நிஜம். எங்கோ ஒரு பெரிய கம்பெனி தன் பெரிய மெஷினுக்காக எடுத்த வீடியோவை இந்தத் திருடர்கள் சுட்டு வைத்திருந்தார்கள் என்று என் மகள் பிறகுதான் கண்டுபிடித்தாள். துருவைப் பற்றி ஒன்றும் தெரியாத என் நாத்தனார்கூட அந்த விலையைப் பார்த்ததும், “காதுல பூ சுத்துறானுங்க அண்ணி” என்று சொல்லிவிட்டாள். தெரிந்தவர்தான் ஏமாந்தார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பணம் கட்டியாகிவிட்டது. பெட்டி கடல் தாண்டி வர நாளாகும் என்றார்கள். இவர் அதற்குள் மேசையின் ஒரு மூலையைத் துடைத்து இடம் ஒதுக்கினார். கிரைண்டரைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேல் ஏற்றினார். வருகிறவர்களிடம் எல்லாம், “வெச்சுட்டுப் போங்க, புது முறையில செஞ்சு தரேன், தூசியே இருக்காது” என்று சொல்லி வேலையை வாங்கி அடுக்கினார். பூ வேலைப்பாடு போட்ட பெரிய கேட் ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது, இரண்டு கட்டில், ஒரு மாடிப்படிக் கைப்பிடி, பட்டறையில் நடக்க இடமில்லை.

அந்த நாட்களைப் பற்றி நினைத்தால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஏனென்றால் அவை நல்ல நாட்கள். தூசி இல்லாததால் இருமல் குறைந்தது. மாடிப்படி ஏறி மொட்டை மாடியில் துணி காயப்போட எனக்குக் கைகொடுத்தார். தொலைக்காட்சியில் ஏதோ ஒரு அசட்டு நகைச்சுவைக்கு வாய்விட்டுச் சிரித்தார், சிரித்து முடித்தும் இருமல் வரவில்லை. நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்கே ஆச்சரியம், நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வராத ஒரு மெஷினுக்காகச் சும்மா காத்திருந்ததே டாக்டர் கொடுத்த மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது.

பெட்டி வந்தது. வாங்கிய கையில் கனமே இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இவர் மட்டும், “இப்பல்லாம் எல்லாம் சின்னதாத்தான் செய்றான்” என்று சொல்லிக்கொண்டே பிரித்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. விசையை அழுத்தினால் சிவப்பாக ஒரு விளக்கு எரியும், திருவிழாக் கடைப் பொம்மைகூட அதைவிடக் கெட்டியாக இருக்கும். அதோடு இலவச இணைப்பு என்று ஒரு கம்பி பிரஷ். பல் தேய்க்கும் பிரஷ் அளவு. கூடவே ஒரு துண்டுத் தாள். மகள் அதைப் படித்துத் தமிழில் சொன்னாள். முதலில் துருவின் மீது ஒளியைக் காட்டவும், பிறகு பிரஷால் நன்றாகத் தேய்க்கவும்.

பிரஷால் தேய்க்கவும்! யாரிடம் சொல்கிறான் பாருங்கள். ஆயுள் முழுக்கத் தேய்த்தே நெஞ்சைத் தேய்த்துக்கொண்ட மனிதனிடம் பிரஷை அனுப்பித் தேய்க்கச் சொல்கிறான். அடப் பாவிகளா, நீங்கள் நன்றாக இருப்பீர்களா, உங்கள் கைக்குப் புண் வராதா என்று நான் அந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். எதிர்ப்பக்கத்து டயர்க்கடைக்காரர் தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி உள்ளே போய்விட்டார். இவர் வெளியே போய்ப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு வந்து, “எறிஞ்சா திருப்பி அனுப்ப முடியாதுல்ல” என்றார்.

திருப்பி அனுப்புவதாவது. மகள் அவர்களுக்குச் செய்தி அனுப்பினாள். “அன்பான வாடிக்கையாளரே, உங்கள் வருத்தம் எங்களுக்கு நன்றாகப் புரிகிறது” என்று உடனே பதில் வந்தது. புரிந்ததாம்! புரிந்த லட்சணத்துக்கு, பொருள் வேலை செய்யவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும், நல்ல வெளிச்சத்தில் துருப்பிடித்த இரும்பின் மேல் அதைப் பயன்படுத்தி முன்னும் பின்னும் வீடியோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பணத்தைத் தருகிறோம் என்றார்கள். வங்கியில் கேட்டால், பெட்டி வந்து சேர்ந்ததாகப் பதிவாகியிருக்கிறது, பொருள் வந்துவிட்டது, நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை என்று கையை விரித்தார்கள். அதற்காகத்தான் பிளாஸ்டிக்கையாவது அனுப்பி வைக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, வீடியோ எடுப்போம் என்று காலை வெயிலில் பட்டறை வாசலில் உட்கார்ந்தார். பூக் கேட்டிலிருந்து கழன்ற ஒரு இரும்பு இலைத் துண்டை மேசையில் வைத்தார். மகள் போனைப் பிடித்தாள். இவர் விளக்கைக் காட்டினார், துரு அசையவில்லை. அந்தக் குட்டிப் பிரஷால் தேய்த்தார், கம்பிகள்தான் கொட்டின, துரு அங்கங்கே கொஞ்சம் கீறி ஆரஞ்சாகத் தெரிந்தது.

“போதும்பா, இதான் ஆதாரம். நிறுத்திரட்டுமா?” என்றாள் மகள்.

“இரும்மா.” அவர் தன்னுடைய கம்பி பிரஷைக் கையில் எடுத்துவிட்டார்.

“எதுக்குப்பா?”

“தொட்டுட்டேன்ல. கீறிட்டுப் பாதியில விட்டா ராத்திரிக்குள்ள இன்னும் தின்னுரும். பாக்கட்டும் அவனுங்களும். வேலைன்னா எப்படி இருக்கும்னு பாக்கட்டும்.”

நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. பிரஷ் போட்டார், எமரி தாள் போட்டுத் தேய்த்தார், இலை நரம்புக்குள் ஊசியை விட்டுச் சுரண்டினார். ஒரு இழுப்புக்கு ஒரு இருமல். இருமும்போது இலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார், இருமல் அடங்கினதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். மகள் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள், ஆனாலும் போனை இறக்கவில்லை. கடைசியில் இலையை வெயிலில் தூக்கிப் பிடித்தார். வெள்ளி மாதிரி மின்னியது. மூச்சு வாங்க வாங்க, “இதுதான் வேலை. உங்க பொம்மையால இது வராது” என்று போனைப் பார்த்துச் சொன்னார். நான் இலையைப் பிடுங்கிப் பிரைமர் அடித்தேன்.

முழு வீடியோவையும் அனுப்பினோம். மிக்க நன்றி, உங்கள் ஒத்துழைப்பைப் பாராட்டுகிறோம், அடுத்த முறை வாங்கும்போது தள்ளுபடி தருகிறோம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எத்தனை செய்தி அனுப்பினாலும் சுவரிடம் பேசுகிற மாதிரிதான். அலமாரிக்கு மேலிருந்து கிரைண்டர் இறங்கியது. வாங்கி அடுக்கிய வேலை மலையாக நின்றதே, அதை யார் செய்வது? இருமலும் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வந்தது. டாக்டரிடம் போகலாம் என்றால், “திட்டுவாங்க” என்று சின்னப் பிள்ளை மாதிரி மறுத்தார். நான் வாயில் வந்தபடி பேசிவிட்டு அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் திட்டவில்லை. புதிய படத்தைப் பார்த்துவிட்டு மருந்தை மட்டும் மாற்றி எழுதினார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு ஒருநாள் டயர்க்கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார். “அண்ணி, அண்ணன் விளம்பரத்துல வர்றாரு! சொல்லவே இல்லையே, பெரிய ஆளாயிட்டாரு!”

அவர் போனில் பார்த்தோம். எங்கள் மேசை. எங்கள் வாசல் வெயில். இவருடைய கை, பிளந்த நகத்தோடு. சிவப்பு விளக்கு இலையின் மேல் விழுகிறது, உடனே ஒரு வெட்டு, அடுத்த நொடி அந்த இலை வெயிலில் வெள்ளியாக மின்னுகிறது. நடுவில் இருந்த தேய்ப்பு, எமரி தாள், ஊசி எதுவும் இல்லை. குரல் இல்லை. மேலே ஒரு துள்ளல் இசை. ‘அனுபவமுள்ள தொழிலாளியின் தேர்வு’ என்று எழுத்து ஓடுகிறது. கீழே அதே கடிகாரம்.

இவரைப் பார்த்தேன். மனிதர் கத்துவார், போனைப் பிடுங்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, “வேலை சுத்தமா வந்திருக்கு” என்றார். பிறகு உள்ளே போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்று முழுக்க அவருக்கும் சேர்த்து நான் பேசினேன். மகள் அந்த விளம்பரத்தின் மேல் புகார் கொடுத்தாள். விதிமுறைகளை மீறியதாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. ஒரு மனிதனின் கையை வெட்டி எடுத்துப் பொய்க்கு ஒட்ட வைத்துக்கொள்வது எந்த விதியில் சரியென்று எழுதியிருக்கிறதோ, அதை எழுதியவன் எதிரில் வந்தால் பிரஷால் நான் தேய்ப்பேன்.

இத்தனைக்கும் மேல்தான் அந்த ஆள் வந்தார். இவர் கைப்பிடிக் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. எங்களைப் போலவே கறைபடிந்த சட்டை, விரல் இடுக்கில் அதே சிவப்பு. கையில் அதே பெட்டி. வந்த வேகத்தில் அதை மேசை மேல் போட்டார்.

“கண்ணாடிங்கிறது நீங்கதானே?”

இவர் எழுந்து நின்றார். “ஆமாங்க.”

“எவ்வளவு குடுத்தானுங்க உங்களுக்கு?”

“யாரு?”

“நடிக்காதீங்க! நான் ஊருக்கு அந்தக் கோடியில பட்டறை வெச்சிருக்கேன். இந்தக் கைய எனக்குத் தெரியாதா? இந்த நகம் தெரியாதா? விளம்பரம் ஆயிரம் வரும், நான் ஒண்ணையும் நம்ப மாட்டேன். கண்ணாடி கையே பிடிச்சிருக்குதே, அவர் பொய் சொல்ல மாட்டார்னு நம்பி வாங்கினேன். கூலிக்குக் கைய வித்துட்டீங்களே, வெக்கமா இல்ல?”

சத்தம் கேட்டு டயர்க்கடைக்காரரும் இன்னும் நாலு பேரும் கூடிவிட்டார்கள். இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், ஆனால் அதற்கு முன் இருமல் வந்துவிட்டது. படபடப்பு வந்தால் எப்போதும் அப்படித்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு இருமுகிறார், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, ஒரு சொல் வெளியே வர மாட்டேன் என்கிறது. பார்க்கிறவர்களுக்குத் தப்புச் செய்தவன் முழிக்கிற மாதிரியே இருந்தது.

நான் திரைத்துணியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

“யாருக்கு வெக்கம் இல்லேங்கிறீங்க? இவருக்கா? இந்தாங்க, நீங்க பார்த்தது நறுக்கின துண்டு. முழுசையும் பாருங்க. பாத்துட்டு அப்புறம் பேசுங்க!”

மகள் எனக்கு அனுப்பி வைத்திருந்த முழு வீடியோவைப் போட்டு, சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். விளக்கு காட்டுவது முடிந்தது. போதும்பா என்று மகள் சொல்வது கேட்டது. பிறகு பிரஷ் சத்தம், இருமல். பிரஷ், இருமல். எமரி தாள், இருமல்.

“கேக்குதா?” என்றேன். “கையை எடுத்துக்கிட்டானுங்க, வேலையை எடுத்துக்கிட்டானுங்க, இந்த இருமல மட்டும் வெட்டித் தூர எறிஞ்சிட்டு அந்த இடத்துல பாட்டுப் போட்டுட்டானுங்க. இந்தத் தூசியில இருந்து தப்பிக்கத்தான் இவர் அந்தச் சனியன வாங்கினார். கூலி எவ்வளவுன்னு கேட்டீங்களே? இதோ எதிர்ல நின்னு இருமுறாரே, இதுதான் கூலி. பாதி வேணுமா? எடுத்துக்கிட்டுப் போங்க!”

அவர் என்னைப் பார்க்கவில்லை. வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இலையை வெயிலில் தூக்கிப் பிடிக்கும் இடம் வந்து, இதுதான் வேலை என்று இவர் குரல் மூச்சிரைக்கக் கேட்டு, வீடியோ முடிந்தது. இவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வந்தவர் கை தன்னையறியாமல் தன் சட்டைப் பொத்தான் பக்கம் போய் நெஞ்சின் மேல் நின்றது.

“இன்னொரு தடவை போடுங்க அண்ணி” என்றார்.

போட்டேன். இந்த முறை அவர் திரையைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். இரும்பைத் தட்டிப் பார்க்கும்போது என் வீட்டுக்காரர் கேட்பாரே, அப்படி. பாதியில், போதும் என்று கையைக் காட்டினார்.

“எனக்கும் இதே சத்தம்தான் வருது” என்றார். குரல் அடங்கியிருந்தது. “அஞ்சாறு மாசமா. சளின்னு நினைச்சு விட்டுட்டேன். வீட்டுல பொண்டாட்டி சத்தம் போடவும்தான் இத வாங்கினேன்.”

பெட்டியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கூட்டம் கலைந்தது. இவர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஸ்டூலை அவர் பக்கம் காலால் தள்ளினார். அவர் உட்காராமல் நின்றுகொண்டே என்னிடம் கேட்டார்.

“நீங்க எந்த டாக்டர்கிட்ட காட்டுறீங்க அண்ணி?”

சொன்னேன். எப்படிப் போக வேண்டும், எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது என்பதையும் சொன்னேன். தயாராக வைத்திருந்த வசவு வாயில் இன்னும் நிறைய மிச்சமிருந்தது. அதை வாங்கிக்கொள்ள வேண்டியவன் ஒருவன்கூட அந்த வாசலில் இல்லை.